கம்பி இழுக்கும் படையிலிருந்து சைபர் நாற்காலிக்கு!

அயனம்பாக்கத்துக்காரர்களுக்கு ராணுவம் என்றதும் நினைவுக்கு வருவது பக்கத்தில் இருக்கும் ஆவடிதான். டாங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்க் டிசைன் செய்யும் சி.வி.ஆர்.டி.இ என்று அங்கே எல்லாமே இரும்பு. இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். காலையில் கழுத்தில் ஐ.டி கார்டு மாட்டிக்கொண்டு லேப்டாப் பையோடு கிளம்பும் பிள்ளைகள் போகும் இடம் அது.

ஆவடியின் சீருடையும் அம்பத்தூரின் லேப்டாப்பும் ஒரே வேலையில் சேருமா? சேரும். அப்படிப்பட்ட வேலையில் உச்சிக்குப் போனவர் லெப்டினன்ட் ஜெனரல் ராஜேஷ் பந்த்.

அவர் இருந்தது ராணுவத்தின் சிக்னல்ஸ் படையில். 1911 பிப்ரவரி 15-ல் தொடங்கப்பட்ட படை அது. போர்முனையில் கம்பி இழுப்பது, வயர்லெஸ் செட்டைச் சுமந்துகொண்டு மலையேறுவது என்று ஆரம்பித்தது. மேலிடத்து உத்தரவு கடைசி ஜவான் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். எதிரி காதில் மட்டும் விழக் கூடாது. கம்பி போய் சாட்டிலைட் வந்தது, கம்ப்யூட்டர் நெட்வொர்க் வந்தது. வேலை மட்டும் மாறவில்லை. அதனால்தான் 'சைபர்' என்ற சொல் ராணுவத்துக்குள் நுழைந்தபோது, அது நேராக சிக்னல்ஸ்காரர்களின் மேசைக்குப் போனது.

அந்தப் படையில் பந்த் இருந்தது 41 ஆண்டுகள். ஐ.ஐ.டி கரக்பூரில் எம்.டெக். பிறகு முனைவர் பட்டம். அதற்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, தகவல் பாதுகாப்பை அளப்பது பற்றியது. 'எங்கள் சிஸ்டம் ரொம்ப சேஃப்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எவ்வளவு சேஃப் என்று எண்ணில் சொல்லச் சொன்னால்தான் பலருக்கும் தொண்டை அடைக்கும். அம்பேத்கர் பிறந்த ஊரான மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில், ராணுவத்தின் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராணுவத்தினருக்கு சைபர் பயிற்சி தரும் அந்தக் கல்லூரிக்கும் அவர் தலைவராக இருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு, 2019-ல் தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஆனார். தேசிய பாதுகாப்பு கவுன்சில் செயலகத்தில் இருக்கும் பதவி இது. கையில் படை கிடையாது, சல்யூட் அடிக்க ரெஜிமென்ட் கிடையாது. மின்சாரம், வங்கி, ரயில், அணுசக்தி என்று ஒவ்வொரு துறையும் தனித்தனிக் கோட்டை. அவற்றை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் வேலை.

உட்கார்ந்த முதல் ஆண்டிலேயே சோதனை வந்தது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து!

2019 செப்டம்பர் தொடக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி ஒரு எச்சரிக்கை பந்த்துக்கு வந்தது. சொன்னவர், முன்பு அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பில் வேலை பார்த்த சைபர் நிபுணர் புக்ராஜ் சிங். செப்டம்பர் 4-ம் தேதி, அரசின் சைபர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்தது. விசாரணையும் உடனே தொடங்கியது. இதுவரை எல்லாம் சரி. ஆனால், வெளியே யாருக்கும் தெரியாது. அக்டோபர் 28-ல் விஷயம் ட்விட்டரில் கசிந்தது. 29-ம் தேதி, 'அப்படி எதுவும் இல்லை, தவறான தகவல்' என்று அணுமின் நிலையம் மறுத்தது. 30-ம் தேதி, 'உண்மைதான்' என்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் மால்வேர் புகுந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் தனியானது, அதற்கு பாதிப்பில்லை என்று விளக்கம் வந்தது.

விளக்கத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் 'இல்லை', மறுநாள் 'ஆமாம்' என்றால் இடிந்தகரையில் குடியிருப்பவர் எதை நம்புவார்? தப்பு எச்சரித்தவர் மேலும் இல்லை, விசாரித்தவர்கள் மேலும் இல்லை. ரகசியம் காப்பது போர்முனையில் உயிர் காக்கும். ஊருக்குள் அதே பழக்கம் வதந்திக்குத் தீனி போடும்.

பந்த் காலத்து வேலைகளில் வாசகர்களின் பாக்கெட் வரைக்கும் வந்த ஒன்று உண்டு. எல்லையில் சீனாவோடு மோதல் நடந்த 2020-ன் டிசம்பரில், தொலைத்தொடர்புத் துறைக்கான பாதுகாப்பு உத்தரவுக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. 2021 ஜூன் 15-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி செல்போன் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்கில் புதிதாகச் சேர்க்கும் கருவிகள் 'நம்பகமான இடத்தில்' வாங்கியதாக இருக்க வேண்டும். எது நம்பகமானது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளரிடம். மொட்டைமாடி டவரில் மாட்டும் பெட்டி யாருடையது என்பதையும் ஒரு முன்னாள் சிக்னல்ஸ் அதிகாரியின் அலுவலகம்தான் பார்த்தது.

இன்னொரு வேலை பாதியில் நின்றது. சைபர் குற்றங்களால் 2019-ல் மட்டும் நாட்டுக்கு 1.25 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று பொதுமேடையில் சொன்னவர் பந்த். அதற்கு மருந்தாக, 2013-ம் ஆண்டின் பழைய கொள்கைக்குப் பதிலாகப் புதிய தேசிய சைபர் பாதுகாப்பு வியூகத்தை அவரது குழு தயாரித்தது. விரைவில் வரும் என்று பலமுறை சொல்லப்பட்டது. 2023-ல் அவர் விடைபெறும் வரை வரவில்லை. அந்த நாற்காலிக்கு அடுத்து வந்தவரும் சிக்னல்ஸ்காரர்தான், லெப்டினன்ட் ஜெனரல் உண்ணிகிருஷ்ணன் நாயர்.

இதில் வேடிக்கை, மக்களுக்கான வியூகம் பெட்டிக்குள் காத்திருக்க, ராணுவம் தன் பெட்டியைக் கொஞ்சம் திறந்தது. முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமை 2019-ல் உருவானது. அதன் முதல் தலைவர் கடற்படையின் ரியர் அட்மிரல் மோகித் குப்தா. தரைப்படையும் 2023-ல் கட்டளைப் பிரிவுகளில் தனி சைபர் பிரிவுகள் அமைக்க முடிவெடுத்தது. சைபர் வெளியில் எப்படி இயங்குவது என்ற முப்படைக் கோட்பாட்டை, முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் 2024 ஜூனில் வெளியிட்டார். அதிலிருந்து ரகசியம் நீக்கிய பதிப்பு 2025 ஆகஸ்ட்டில் பொதுவெளிக்கு வந்தது. அயனம்பாக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகூட போனில் படிக்கலாம்.

படித்துவிட்டு ஆசை வந்தால்? பெரும்பாலும் வழி சிக்னல்ஸ் மூலமாகத்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து ஜே.இ.இ மெயின் எழுதியவர்களுக்கு டி.இ.எஸ் என்ற தொழில்நுட்ப நுழைவு இருக்கிறது. ஆனால், அதில் தேர்வானாலே சிக்னல்ஸ் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. எந்தப் படைப்பிரிவு என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும். பி.இ முடித்தவர்களுக்கு ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல், ஆண், பெண் இருவருக்கும். ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி பரங்கிமலையில் 1963 முதல் இருக்கிறது, பெண்களுக்கு அங்கே 1992 முதல் பயிற்சி நடக்கிறது. ஓடவும் வேண்டும், கயிறு ஏறவும் வேண்டும். லேப்டாப் அதற்குப் பிறகுதான்.