‘பிரமாதமான’ ஆண்டு... சுமாரான லாபம்! 2022 போர்தோ ஒயினை முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு என்ன ஆனது?

அருமையான விளைச்சல், விமர்சகர்கள் அள்ளிக் கொடுத்த மதிப்பெண்கள், 'இப்போதே வாங்கினால்தான் உண்டு' என்ற பரபரப்பு. 2023 கோடையில் பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து 2022-ம் ஆண்டு சிவப்பு ஒயின் விற்பனைக்கு வந்தபோது நிலவரம் இதுதான். ஆனால், பணத்தைப் போட்ட பலருக்கு லாபம் வரவில்லை. சரக்கு நல்லதுதான். அப்புறம் எங்கே சறுக்கியது?

பாட்டிலே இல்லாமல் விற்பனையா?

ஆமாம். இதற்கு 'ஆன் பிரிமர்' என்று பெயர். கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுவது மாதிரிதான். செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும் திராட்சை, ஒயினாகி 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் ஓய்வெடுக்கும். அடுத்த வசந்தத்தில் விமர்சகர்களும் வியாபாரிகளும் பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியை ருசித்து, 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அதன்பிறகு 'ஷாட்டோ' எனப்படும் ஒயின் எஸ்டேட்டுகள் விலையை அறிவிக்கும். தரகர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர் எனக் கைமாறி வாடிக்கையாளருக்கு வரும். அவர் பணத்தை முழுசாகக் கட்டிவிட வேண்டும். பாட்டில் கைக்கு வர இன்னும் 2 ஆண்டுகள் ஆகும். 2022 ஒயின்கள் பெரும்பாலும் 2025-ல்தான் வந்து சேர்ந்தன.

2022-ல் அப்படி என்ன விசேஷம்?

அந்தக் கோடையில் போர்தோவை வெயிலும் வறட்சியும் வாட்டின. ஜூலையில் அதே ஜிரோந்த் மாவட்டத்தில் பெரும் காட்டுத்தீயும் பரவியது. ஆனால் மழை குறைந்ததால் திராட்சைகள் சிறிதாக, தடித்த தோலுடன் விளைந்தன. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. பழம் சிறுத்தால் சாறு குறைவு, செறிவு அதிகம். பனியும் பூஞ்சை நோயும் படுத்திய 2021-க்குப் பிறகு வந்ததால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு ஏன் சறுக்கல்?

முதல் காரணம், விலை. தரம் உயர்ந்ததும் பல முன்னணி ஷாட்டோக்கள் 2021-ஐ விட 20 சதவிகிதமும் அதற்கு மேலும் விலையை ஏற்றின. வருங்காலத்தில் கிடைக்க வேண்டிய லாபத்தை விற்பவரே முன்கூட்டி எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, வட்டி. 2023 ஆகஸ்டில் இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் 5.25 சதவிகிதத்தைத் தொட்டது. 100 பவுண்டை 2 ஆண்டுகள் ஒயினில் முடக்கினால், வங்கியில் கிடைத்திருக்கும் சுமார் 10 பவுண்டு போச்சு. கிடங்கு வாடகை, காப்பீடு தனி.

மூன்றாவது, சந்தை. 2022 இறுதியிலிருந்தே உயர்ரக ஒயின் விலைகள் சரியத் தொடங்கின. அடுத்து வந்த 2023 ஒயினுக்குச் சில ஷாட்டோக்கள் 30 சதவிகிதத்துக்கும் மேல் விலையைக் குறைத்தன. 2022 ஒயின்கள் பல, வெளியீட்டு விலைக்குக் கீழேயே கைமாறின.

முன்பு லாபம் பார்த்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 1982 போர்தோவை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் ஆரம்பத்திலேயே உச்சிமேல் வைத்துப் புகழ்ந்தார். அப்போது வாங்கியவர்களுக்கு ஜாக்பாட்! ஆனால் அன்று வெளியீட்டு விலை குறைவு. 2009, 2010-ம் அபாரமான ஆண்டுகள்தான். சீனத் தேவையை நம்பி விலை எகிறியது. 2011-க்குப் பிறகு சந்தை சரிய, பலர் கையைச் சுட்டுக்கொண்டனர். அதாவது, நல்ல ஆண்டு என்பது ருசிக்கான உத்தரவாதம், லாபத்துக்கு அல்ல. புகழ்பெற்ற ஷாட்டோ லத்தூரே, 2011 ஒயினோடு ஆன் பிரிமர் முறையிலிருந்து விலகிவிட்டது.

மோசடி அபாயமும் உண்டா?

உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கிய 'பிரீமியர் க்ரூ' கடையின் உரிமையாளர் ஜான் ஃபாக்ஸ், வாங்காத ஒயினையே 'பிறகு வரும்' என்று விற்றார். வாடிக்கையாளர்கள் இழந்தது சுமார் 4.5 கோடி டாலர். 2016-ல் அவருக்கு ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. முன்பணம் கட்டுபவர் விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது விற்பவரின் நம்பகத்தன்மையைத்தான்.

அப்படியென்றால் யார் வாங்கலாம்?

ஒயினை 10, 15 ஆண்டுகள் வைத்துக் குடிக்க நினைப்பவர்கள், சந்தையில் எளிதில் கிடைக்காத சிறிய எஸ்டேட்டின் ஒயினையோ பெரிய அளவு பாட்டில்களையோ தேடுபவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. அதே ஒயின் பாட்டிலில் வந்த பிறகு, சில சமயம் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: அதே ஷாட்டோவின் பழைய நல்ல ஆண்டு ஒயின் இன்று என்ன விலை? அது மலிவாக இருந்தால், புதியதற்கு அவசரப்படுவானேன்?

இன்னொரு பக்கம்

பிரபல ஷாட்டோக்கள் போர்தோவின் ஒரு சிறு பகுதிதான். சாதாரண ஒயின் தயாரிக்கும் விவசாயிகளின் கதை வேறு. 2022 டிசம்பரில் அவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2023-ல் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'பிரமாதமான ஆண்டு' என்று உலகம் கொண்டாடிய அதே அறுவடையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர், அடுத்த அறுவடைக்குக் கொடி வேண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)