டிரெசரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

தாதியர் கல்வி பற்றிச் சென்ற இதழில் நண்பர் எழுதியதைப் படித்தேன். சுருக்கினால் அவர் வாதம் இவ்வளவுதான்: கற்றல் கோட்பாடு, கற்பித்தல் நெறி எல்லாம் வகுப்பறை அலங்காரம்; தாதிமை ஒரு கைப்பழக்கம்; செய்முறைகளை மனப்பாடம் செய்யவைத்து முதல் வாரமே வார்டுக்கு அனுப்பினால் தானே வந்துவிடும். இதற்குச் சாட்சியாக அவர் கூப்பிட்டிருப்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் நம் பாட்டன்மாருக்கு ஊசி போட்ட தோட்டத்து டிரெசரை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரை. அவர் என்ன கல்விக் கோட்பாட்டாளர் புளூமைப் படித்துவிட்டா வைத்தியம் பார்த்தார் என்று கேட்கிறார். கேட்ட கையோடு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறும், அவர்களுக்குக் கோட்பாடு எதற்கு, கைவேலை போதும் என்றும் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தக் கடைசி வரியில்தான் சாயம் வெளுக்கிறது.

முதலில் டிரெசர். அவர் தெருவில் போனவர் இல்லை. மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்து, பெரிய டாக்டர்களின் திட்டு வாங்கி, கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் காய்ச்சலின் போக்கைக் கணிக்கவும் கற்றவர். அப்படிக் கற்காமலே வெள்ளைக் கால்சட்டை மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்ததே, எதற்காக? கைப்பழக்கம் போதுமென்றால் பதிவேடு எதற்கு? பழைய லயத்துக் கிழவிகளிடம் கேளுங்கள். வயிற்று வலிக்கும் உடம்பு வலிக்கும் ஒரே பாட்டிலிலிருந்து மிக்சர் ஊற்றிக் கொடுத்தவர்களின் கதையையும் சொல்வார்கள். அப்படி ஊற்றிக் கொடுத்தவர்களுக்கும் நீண்ட அனுபவம் உண்டு.

அனுபவம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க நெகிரி செம்பிலானை விட்டுத் தாண்ட வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டு மருத்துவமனைகளில் பெரிபெரி நோயாளிகள் வரிசையாகக் கிடந்தார்கள். கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று செத்தார்கள். அவர்களைத் தூக்கிக் கிடத்தித் துடைத்து ஊட்டிய கைகளுக்குப் பழக்கத்தில் குறையே இல்லை. நோய்தான் குறையவில்லை. இம்மாநில அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒரு கேள்வி கேட்டார்: தீட்டிய வெள்ளையரிசி தின்னும் சீனத் தொழிலாளி விழுகிறான், புழுங்கலரிசி தின்னும் தமிழன் ஏன் விழவில்லை? காரணத்தை அவர் தப்பாகத்தான் ஊகித்தார். அரிசியில் ஏதோ நஞ்சு என்றார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு 1907இல் மருத்துவ ஆய்வாளர்களான பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு காட்டில் டுரியான் தீப்புஸ் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளையரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. (கூலியாட்களை வைத்துச் செய்த அந்தச் சோதனையின் நியாயத்தைத் தனியே பேசவேண்டும்.) இவனுக்கு வருகிறது, அவனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கப் பழக்குவதைத்தான் நண்பர் அலங்காரம் என்கிறார்.

பழைய கதை என்று ஒதுக்குவார். சரி, 1999க்கு வருவோம். இதே மாநிலத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கம் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே கட்டிலில் கிடந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். படித்த பாடத்துக்கும் கட்டிலில் கிடப்பவருக்கும் பொருந்தவில்லையே என்ற உறுத்தலிலிருந்துதான் தேடல் பிறந்தது. மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நாடு முழுக்க 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. மனப்பாடம் செய்தவர் பட்டியலைத்தான் ஒப்பிப்பார். பட்டியலுக்கு வெளியே நிற்பது அவர் கண்ணில் படாது.

தாதிமைக் கோட்பாட்டாளர் பெட்ரிசியா பென்னரையும் நண்பர் துணைக்கு அழைக்கிறார். தேர்ந்த தாதி விதியைப் பார்த்து நடப்பதில்லை, உள்ளுணர்வால் நடக்கிறார் என்று பென்னர் 1984இல் தம் புத்தகத்தில் எழுதியது உண்மை. ஆனால் அது அவர் சொல்லும் ஐந்து படிகளில் ஐந்தாம் படி. முதல் படியில் நிற்பவருக்கு விதி வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. வருடம் ஓடுவதை பென்னர் அனுபவம் என்று சொல்லவே இல்லை. முன்பு எண்ணியிருந்ததை நேரில் கண்டது திருத்தினால்தான் அது அனுபவம். நண்பர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நம் பெண்களுக்குப் பராமரிப்பு பிறவியிலேயே வருவது, சொல்லித்தர வேண்டாம் என்ற நண்பரின் வரிக்கு நான் மெனக்கெடப் போவதில்லை. எல்லாப் பெண்ணும் நல்ல தாதி ஆவாள் என்ற பேச்சை நைட்டிங்கேல் 1859லேயே மறுத்து எழுதிவிட்டார்.

இனி ஒரு கட்டிலருகே போவோம். இனிப்புநீர் நோய்க்கு முதல்முறையாக இன்சுலின் எழுதித் தரப்பட்ட ஓர் அம்மா, ஐம்பது தாண்டியவர், செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மனப்பாடத் தாதி வருகிறார். “காலைச் சாப்பாட்டுக்கு முன்னால போட்டுக்கங்கம்மா, காலைப் பத்திரமா பாத்துக்கங்க, புரிஞ்சுதா?” அந்த அம்மா தலையாட்டுகிறார். தாதி அட்டையில் ‘விளக்கம் தரப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்த அம்மா எழுவது விடியற்காலை. வரக்காப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போவார். சாப்பாடு பத்து மணிக்கு, மரத்தடியில். எழுந்ததும் ஊசியைப் போட்டுக்கொண்டு போனால் ஒன்பது மணிக்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, செம்பனை நிரைக்குள் விழுந்து கிடப்பார்.

கற்பித்தல் நெறி தெரிந்த தாதி முதலில் பேசுவதில்லை, கேட்கிறார். எத்தனை மணிக்கு எழுவீங்க, எப்ப முதல் வாய் சாப்பாடு? பதிலை டாக்டரிடம் கொண்டுபோய் வேளையை ஒழுங்கு செய்கிறார். ஊசியை அந்த அம்மா கையிலேயே கொடுத்துப் போடவைக்கிறார். சப்பாத்து போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்; உணர்ச்சி மங்கிய காலில் செம்பனை முள் ஏறினால் தெரியாது. குனிய முடியாதவருக்குத் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கக் காட்டுகிறார். கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை, “வீட்டுல மகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லுங்க” என்கிறார். கற்பவர் எங்கே நிற்கிறார் என்று அறிவது, அவர் அனுபவத்தில் ஊன்றுவது, செய்யவைப்பது, திரும்பச் சொல்லவைப்பது: நண்பர் கிண்டலடித்த கோட்பாடுகள் இவைதான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனங்களில் இந்தியரிடமே மிக அதிகம். லயங்களில் நம்மவர்கள் குறைந்து இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் இதே பாடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல கல்லூரிகளில் கோட்பாட்டு வகுப்பு தூக்க மாத்திரைதான். திரையில் ஓடுவதை விரிவுரையாளர் வாசிக்கிறார். வார்டில் பயிற்றுநர் தலையைக் காட்டுவது அபூர்வம். பயிற்சிக் காலம் முடிகிற வாரத்தில் லாக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் கையெழுத்து வேட்டைக்கு அலைகிறார்கள். ஆனால் இது நெறிகளை மீறுவதால் வந்த வினை. மீறலைக் காட்டி நெறியையே தூக்கி எறியச் சொல்வது என்ன நியாயம்?

இப்போது அந்தத் தோட்டத்துப் பிள்ளை. ஆங்கிலம் தடுமாறும், உண்மைதான். வகுப்பும் பயிற்சியும் கொடுத்தால் திருந்தும். ஆனால் பத்து மணிச் சாப்பாட்டை யாரும் சொல்லாமலே அறிந்தவள் அவள்தான். அம்மா பெரட்டுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த அறிவை வகுப்பறைக்குள் இழுத்து, அதன்மேல் உடலியலையும் மருந்தியலையும் கட்டத் தெரிந்த ஆசிரியர்தான் அவளுக்கு வேண்டும். அவளுக்குக் கைவேலை போதும் என்பது தண்டல் பேசும் பேச்சு. அதைக் கேட்டு மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியாயிற்று.

பிள்ளையைத் தாதிமைக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர் பணம் கட்டுமுன் கல்லூரியில் இவற்றைக் கேளுங்கள்: வார்டில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? அன்றன்று வார்டு முடிந்ததும் நடந்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுகிறார்களா? நோயாளிக்கு விளக்கும் பயிற்சியை யார் கவனித்துத் திருத்துகிறார்கள்? பதில் வராவிட்டால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.