நம்பரை மாத்தாத ஸ்விட்ச்

சாவியைத் திருப்பினா வண்டி ஸ்டார்ட் ஆகலையா? உடனே இக்னிஷன் ஸ்விட்சை மாத்தறது குருட்டு வைத்தியம்ங்க. முதல்ல பேட்டரி, டெர்மினல், ஃபியூஸ் பாருங்க. எல்லாம் சரின்னா மல்டிமீட்டரை எடுங்க. ஸ்விட்சுக்குள்ள 12 வோல்ட் போகுது, சாவியை ‘ஸ்டார்ட்’ல வெச்சும் வெளியே வரலைன்னா, கோளாறு ஸ்விட்ச்லதான். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு மாத்துங்க.

ஆனா, மாத்தினதோட வேலை முடியறதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கதையையே எடுத்துக்கங்க. செவர்லே கோபால்ட் மாதிரி கார்கள்ல ஸ்விட்ச் ஸ்பிரிங்குக்கு வலு பத்தலை. ஓடும்போதே சாவி ‘ரன்’னில் இருந்து நழுவும், எஞ்சின் அணையும், பவர் ஸ்டியரிங் போயிடும், இடிச்சா ஏர்பேக்கும் விரியாது. 2006-ல் பார்ட்டைத் திருத்தினாங்க, பார்ட் நம்பரை மட்டும் மாத்தலை. பழைய கார்ல வர்ற கோளாறு புதுக் கார்ல ஏன் வரலைன்னு அந்தக் கம்பெனி இன்ஜினியர்களுக்கே வருஷக்கணக்கா புரியலை. 2014-ல்தான் ரீகால். நஷ்டஈட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவுகள் மட்டும் 124.

பெருந்துறையில இன்ஜினியரிங் படிக்கிற நாமளும் ப்ராஜெக்ட்ல டிசைனைத் திருத்திட்டு, பழைய பேர்லயே ஃபைலை சேவ் பண்றோம். அந்தப் பழக்கம் இங்கயே போகணும். ஒரு ஸ்பிரிங் மாத்தினாலும் புது நம்பர் போடுங்க, தேதியும் காரணமும் எழுதுங்க. ரெக்கார்டு நோட்டு மார்க்குக்கு மட்டும் இல்லீங்க.