கணக்கு கேட்க வருகிறவர்

2023 அக்டோபரில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். இஸ்ரேல் வரைபடம், அதன்மேல் நாலு பக்கமிருந்தும் பாயும் சிவப்பு அம்புகள், பின்னணியில் எக்காளச் சத்தம். பேசுகிறவர் எசேக்கியேல் 38-ஆம் அதிகாரத்துக்கும் அன்றைய தலைப்புச் செய்திக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வருகை வாசலுக்கு வந்துவிட்டதாம். ஐந்து நிமிடத்தில் இருபது ஆமென், பத்து அல்லேலூயா.

அதற்கு முன்புதான், அக்டோபர் 7 அன்று, இஸ்ரேலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். காஸாவில் குண்டுகள் விழத் தொடங்கியிருந்தன. அக்டோபர் 19 ராத்திரி, காஸா நகரத்தின் புனித போர்பிரியுஸ் ஆலய வளாகத்தில் ஒரு குண்டு விழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயம் அது. கோவில் பாதுகாப்பு என்று நம்பி உள்ளே தங்கியிருந்தவர்களில் 15-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நம்மைப் போலவே ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள். நாம் கிறிஸ்தவர்கள் ஆவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கிறிஸ்தவர்கள் ஆனவர்கள்.

அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன். ஒரு ஆமென்கூட வரவில்லை. ராத்திரி சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் நடந்தாத்தான அவரு வருவாரு?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. சித்தப்பா நல்ல மனுஷன். தெருவில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தாலும் வண்டியை நிறுத்துகிறவர். அப்படிப்பட்ட ஒருவரை, சாவைக் கேட்டதும் காலண்டரைப் பார்க்க வைத்தது எது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வருகையை நம்புகிறவன். இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு கணம் அமைதியாகி, "நீ சீரியஸாவா சொல்ற?" என்பார்கள். சீரியஸாகத்தான். உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் நியாயம் தீர்க்க அவர் வருவார் என்று சின்ன வயதிலிருந்து வாரந்தோறும் நின்றுகொண்டு சொல்லி வந்திருக்கிறேன். வாய்ப்பாடு மாதிரி ஆரம்பித்தது, இப்போது வாய்ப்பாடாக இல்லை. ஆகவே நான் வெளியே நின்று கல் எறியவில்லை. இது வீட்டுக்குள் போடுகிற சண்டை.

என் தலைமுறைக்கு முதல் உலக முடிவு 1999 டிசம்பர் 31. எனக்குப் பத்து வயது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும், விமானங்கள் விழும், அதோடு சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார் மூன்று நாள் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரண்டு டஜன் மெழுகுவர்த்தி வாங்கி வைத்தாள். வருட முடிவு ஆராதனையில் பன்னிரண்டு மணி அடித்தபோது நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தேன். பிறகு மணி அடித்து ஓய்ந்தது. வாக்குத்தத்த அட்டை கொடுத்தார்கள். கேக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தூங்கினோம். அந்த மெழுகுவர்த்திகள் இரண்டு வருஷம் வந்தன.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த ராத்திரியின் மறுபக்கம் தெரிந்தது. பழைய நிரல்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் இயந்திரம் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். பிரச்சினை நிஜம்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும்கூட, வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் திருத்தினார்கள். என் முதல் மேனேஜர் அவர்களில் ஒருவர். "ஒண்ணுமே நடக்கலையேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஒண்ணும் நடக்காம இருக்கத்தான்டா நாங்க ராத்திரி பகலா வேலை பார்த்தோம்" என்பார். என் ஊரில் அந்த நாளுக்காக நாங்கள் மெழுகுவர்த்தி வாங்கினோம். யாரோ சிலர் அதே நாளுக்காக வேலை செய்தார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது புது வியாதி இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் நிலத்திலேயே விட்டார்கள். நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் வழியாகக் கிளம்பிய எழுப்புதல் பிறகு திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே அதில் முன்னால் நின்றவர் வித்வான் குட்டி என்கிற யுஸ்தூஸ் யோசேப்பு, தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்று 1875-இல் அறிவித்தார். 1881 வந்தது, போனது. 2011-இல் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் மே 21 என்றார், நடக்காமல் போனதும் அக்டோபர் 21 என்றார். அடுத்த வருஷம், நாள் குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இவர்களை நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. வித்வான் குட்டியின் பாடல்கள் இன்றைக்கும் கேரள சபைகளில் பாடப்படுகின்றன. கணக்கு தப்பியது, ஏக்கம் தப்பவில்லை. என் சண்டை அந்த ஏக்கத்தோடு இல்லை, கணக்கோடு. அந்த நாள் தனக்கே தெரியாது என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதுகிறார். குமாரனுக்கே தெரியாததை யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று. ரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், பிறகு பகிரங்க வருகை என்று நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கால அட்டவணை அப்போஸ்தலர்கள் வரைந்தது இல்லை. அதற்கு இன்றைய உருவம் கொடுத்தவர் 1830-களில் ஜான் நெல்சன் டார்பி. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதைப் பரப்பின. 1970-இல் ஹால் லிண்ட்ஸே எழுதிய புத்தகம் அதைச் செய்தித்தாளோடு கோத்தது. ஆதி விசுவாசம் என்று நாம் தூக்கிச் சுமப்பது இருநூறு வருஷம்கூட ஆகாத சரக்கு.

சரி, வெளிப்படுத்தின விசேஷம்? அதை எழுதியவர் பத்மு தீவில் இருந்தவர். வாசித்தவர்கள் ரோமப் பேரரசின் காலடியில் இருந்த ஏழு சின்னச் சபைகள். 666 என்பது நீரோ பேரரசனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் வரும் எண் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நாமோ அதை பார்கோடில் தேடினோம், ஆதாரில் தேடினோம், 2021-இல் தடுப்பூசியில் தேடினோம். தேடாத இடம் ஒன்று உண்டு. அதே புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம். மகா நகரம் விழுந்ததும் அதற்காக அழுகிறவர்கள் வியாபாரிகள். இனி எங்கள் சரக்கை யார் வாங்குவார் என்று அழுகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, பட்டு, வாசனைப் பொருள், கோதுமை, ஆடுமாடு என்று இறங்கி, கடைசியில் மனிதர்களில் முடிகிறது. அடிமைகள். மனிதனைச் சரக்குப் பட்டியலின் கடைசி வரியாக எழுதுகிற எந்த ஏற்பாட்டையும் அந்தப் புத்தகம் பாபிலோன் என்கிறது. அப்படிப் படித்தால் அம்பு நம் பக்கமும் திரும்பும். அதனால்தான் இஸ்ரேல் வரைபடம் வசதியாக இருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்க நண்பர்களுக்கு. வருகை என்பதே தப்பித்தல், இந்த உலகத்தின் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளக் கொடுக்கப்படும் மயக்க மருந்து என்கிறீர்கள். சில மேடைகளைப் பார்த்தால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் என் ஆச்சியைப் பார்த்ததில்லை.

ஆச்சி பீடி சுற்றினாள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் ஒரு பிடியை எடுத்து, சரியில்லை என்று ஓரமாகப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, கழித்த பீடியும் திரும்பக் கிடையாது. மற்றவர்கள் பேசாமல் வருவார்கள். ஆச்சி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, இதில் என்ன குறை, சொல்லும் என்று கேட்பாள். "கணக்கு கேக்க ஒருத்தரு வருவாரு அண்ணாச்சி. அவருகிட்ட நீரும் சொல்லணும், நானும் சொல்லணும். அதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லிரும்." பல நாள் தோற்றுத்தான் வருவாள். அடுத்த சனிக்கிழமையும் கேட்பாள். ராத்திரி ஜெபத்தை முடிக்கும்போது, சீக்கிரம் வாரும் ஆண்டவரே என்பாள். அது தப்பித்துப் போக ஆசைப்பட்டவளின் குரல் இல்லை. வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகும் வழக்கில் நீதிபதி வந்து உட்காரக் காத்திருப்பவளின் குரல்.

கடைக்காரரின் கணக்கு கடைசிக் கணக்கு இல்லை. வருகை என்பதற்கு நான் கற்றுக்கொண்ட அர்த்தம் இவ்வளவுதான். ஜெயித்தவன் எழுதும் தீர்ப்பு முடிந்த தீர்ப்பு இல்லை. இடிபாட்டுக்கு அடியில் பெயரில்லாமல் போனவர்களின் கோப்பு மூடப்படவில்லை. இந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால், செத்தவர்களுக்கு நியாயம் என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் மரியாதைப் பேச்சு. வேறு பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

மத்தேயு 25-இல் கேள்வித்தாளையே முன்கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். பசித்தவனுக்கு என்ன செய்தாய், அந்நியனை வீட்டில் சேர்த்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா. எந்த வருஷம் வருவேன் என்று கண்டுபிடித்தாயா என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை. கர்த்தர் வரப்போகிறார் என்று தெசலோனிக்கேயில் சிலர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தபோது, அவர்களுக்குப் போன நிருபம் வேலை செய்யாதவனுக்குச் சோறு இல்லை என்றது. 1942-இன் கடைசியில், ஹிட்லருக்கு எதிரான சதியில் இறங்கியிருந்த டீட்ரிக் போன்ஹோஃபர் தன் கூட்டாளிகளுக்காக ஒரு குறிப்பு எழுதினார். நியாயத்தீர்ப்பு நாளைக்கே வந்தால் நல்ல எதிர்காலத்துக்கான வேலையைச் சந்தோஷமாகக் கீழே வைத்துவிடலாம், அதற்கு முன்னால் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். அவர் காத்திருக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே, சித்தப்பா கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லை சித்தப்பா. இதெல்லாம் நடந்தால்தான் அவர் வருவார் என்று இல்லை. இதெல்லாம் நடந்ததால்தான் அவர் வர வேண்டியிருக்கிறது. முதலாவதை நம்பினால் குழந்தைகளின் சாவு ஒரு மைல்கல். இரண்டாவதை நம்பினால் அது ஒரு வழக்கு, நாமும் அதில் சாட்சிகள். மைல்கல்லைப் பார்த்து அல்லேலூயா சொல்லலாம். சாட்சியால் முடியாது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்கியா?"

"கோவம்லாம் இல்ல சித்தப்பா. ஆச்சி இருந்திருந்தா அன்னைக்கு அந்தக் கோவில் செய்தியக் கேட்டு என்ன சொல்லியிருப்பா?"

அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா வருகையப் பத்தியெல்லாம் பேசியிருக்க மாட்டா" என்றார். "உள்ள சின்னப் பிள்ளைங்க இருந்துச்சான்னு மொதல்ல கேட்டிருப்பா."