நாக்கு சொல்லும் தீர்ப்பு செல்லாது!

ஓமந்தூரார் மண்ணில் 'மீடியம்' விஸ்கி மீது ஒரு விசாரணை

ஓமந்தூர் என்றால் பழைய ஆட்களுக்கு ஒரு ஞாபகம்தான் வரும். மதுவிலக்கு கொண்டு வந்த ரெட்டியார் பிறந்த ஊர்!

1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதல்-மந்திரியை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். 1937ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் ஆரம்பித்து வைத்த மதுவிலக்கை, 1948 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மாகாணம் முழுவதும் கொண்டு வந்து நிறுத்தியவர் அவர்.

அதே திண்டிவனம் வட்டாரத்தில் இன்று சாயங்காலம் ஆனால் என்ன பேச்சு?

"மச்சான், ஆர்டினரி வேணாம்டா, தொண்டைய அறுக்குது. காசு கூடப் போனா போவுது, மீடியமே வாங்கு!"

நாள் பூரா சித்தாள் வேலை பார்த்தவன், லோடு ஏற்றியவன், நெல் மூட்டை சுமந்தவன் கணக்கு இது. கூடக் கொடுக்கும் காசுக்கு நல்ல சரக்கு கிடைக்கிறது என்று நம்புகிறான். நல்ல சரக்கு என்று யார் சொன்னது? அவன் நாக்கு சொன்னது!

அந்த நாக்கின் சாட்சி எடுபடுமா? கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம்.

அமெரிக்கக்காரன் பாட்டில்

2025 பிப்ரவரியில் மத்திய அரசு போர்பான் விஸ்கிக்கு இறக்குமதி வரியை 150 சதவீதத்தில் இருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. போர்பான் என்பது அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. 100 சதவீத வரியோடு வரும் பாட்டில் கூலிக்காரன் கைக்கு வரப் போவதில்லை. வரவும் வேண்டாம்! ஆனால் அதை அவர்கள் எடை போடும் விதம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்பான் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் அங்கே சட்டம் கறார். காய்ச்சும் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. தண்ணீரைத் தவிர கலரோ எசென்சோ ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. அந்தச் செம்மண் நிறமும், வெனிலா வாசனையும், லேசான இனிப்பும் கருகிய மரம் கொடுத்தவை.

ருசி பார்க்கிறவனும் மடக்கென்று ஊற்றிக் கொள்வதில்லை. வாய் குறுகிய கிளாசில் கொஞ்சமாக ஊற்றுகிறான். முதலில் மூக்கு. பிறகு ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கில் உருட்டுகிறான். ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டு மறுபடியும் பார்க்கிறான். விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறான். சுமார் 30 டாலர் விலையுள்ள நடுத்தர பாட்டிலுக்குக் கூட இவ்வளவு விசாரணை நடக்கிறது!

மேக்கர்ஸ் மார்க் என்று ஒரு போர்பான். கழுத்தில் சிவப்பு மெழுகு வழியும் பாட்டில். 2013 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி, "சரக்கு பற்றவில்லை, 45 சதவீத ஆல்கஹாலை 42 ஆகக் குறைக்கிறோம்" என்று அறிவித்தது. அவ்வளவுதான், வாங்குகிறவர்கள் பிலுபிலுவென்று பிடித்துக் கொண்டார்கள். ஒரு வாரம் போல ஆவதற்குள் கம்பெனி பணிந்தது. பழையபடி 45 தான்!

வெறும் 3 சதவீதத்துக்கு அங்கே அவ்வளவு கூச்சல். இங்கே?

42.8 எனும் ரகசியம்

நம் கடை குவார்ட்டரை எடுத்து லேபிளைப் பாருங்கள். 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஆர்டினரி விஸ்கியிலும் பெரும்பாலும் அதே 42.8. மீடியத்திலும் 42.8. பிரீமியத்திலும் 42.8. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எந்த பாட்டிலை உடைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"மீடியம் போட்டா சும்மா கும்முனு புடிக்குதுப்பா" என்கிறார்களே, அது மனப்பிராந்தி! காசு கூடினால் போதை கூடாது.

அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? ருசிக்கு. அந்த ருசி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் ஊர் விஸ்கிகளில் பெரும்பாலானவை மொலாசஸில் இருந்தோ தானியத்தில் இருந்தோ எடுத்த வாசனையற்ற ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டவை. அதில் தண்ணீர், நிறத்துக்கு கருக்கிய சர்க்கரை, வாசனைக்கு பிளேவர். சிலவற்றில் கொஞ்சம் மால்ட் அல்லது ஸ்காட்ச். பல பாட்டில்களில் இது எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் இருக்கும். அதுவும் இங்கிலீசில்! மால்ட் எத்தனை பங்கு, எத்தனை வருஷம் மரத்தில் இருந்தது? பெரும்பாலான பாட்டில்களில் மூச்சு இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் மொலாசஸ் சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. தானியத்தில் காய்ச்சி, 3 வருஷம் மரப் பீப்பாயில் கிடந்தால்தான் அங்கே அந்தப் பெயர்.

நம்மவர்களுக்குச் செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பெங்களூர் அம்ருத் கம்பெனி பார்லி மால்ட்டில் காய்ச்சி, 2004ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டு போய் விற்பனையைத் தொடங்கியது. தெரியும், ஆனால் மீடியம் விலைக்கு அது கட்டுப்படியாகாது. அதுதான் உண்மை. அந்த உண்மையை லேபிளில் பெரிய எழுத்தில் சொன்னால் என்ன?

ஏமாறும் நாக்கு

எரிந்தால் "ஸ்ட்ராங்", இனித்தால் "ஸ்மூத்". இதுதான் நம்மவர் தீர்ப்பு.

மிளகாய் கடித்தால் எந்த நரம்பு எரிகிறதோ, ஆல்கஹால் பட்டாலும் அதே நரம்புதான் எரிகிறது. எரிச்சலை வைத்துத் தரம் சொன்னால் பச்சை மிளகாய்க்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும்! இனிப்பையும் வாசனையையும் வெளியில் இருந்து சேர்த்து விடலாம். போதாததற்கு கலர் சோடாவை ஊற்றி, எலுமிச்சை ஊறுகாயை நக்கிவிட்டு, ஒரே மூச்சில் கவிழ்க்கிறவன் எதை ருசி பார்த்தான்? சாட்சியே மயக்கத்தில் இருக்கும்போது தீர்ப்பு எப்படி நேராக இருக்கும்?

இதுவரை காசு மட்டும்தான் நஷ்டம். உயிரே போன கதையும் இந்த வட்டாரத்தில் உண்டு.

மரக்காணம் மறந்து போச்சா?

திண்டிவனத்துக்குக் கிழக்கே கடலோரம் மரக்காணம். 2023 மே மாதம் அங்குள்ள எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அதே நேரத்தில் மதுராந்தகம் பக்கமும் சாவு. ரெண்டு இடத்திலும் சேர்த்து 20 உயிர்களுக்கு மேல் போயின. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் அது என்று போலீஸ் தரப்பு சொன்னது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 உயிர்களுக்கு மேல்! 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர்தான் அது.

இது கடைச் சரக்கு இல்லை, கள்ளத்தனமாக விற்றது. நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் நாக்கை நம்பித்தான் குடித்தார்கள். மெத்தனாலைச் சாராயத்தில் கலந்தால் நாக்கு கண்டுபிடிக்காது. வழக்கமான போதை போலவே ஏறும். மணிக்கணக்கு கழித்து, உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கண் மங்கும், மூச்சு திணறும். செத்துப் போன அத்தனை பேர் நாக்கும் "சரக்கு சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

தரத்தைச் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடமும் லேபிளும். நாக்குக்கு அந்த அதிகாரம் கிடையாது.

விற்பவரே சொல்ல வேண்டும்

இங்கே விற்பது தனி ஆள் அல்ல, அரசாங்கம். 1983ல் டாஸ்மாக் தொடங்கியது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது. 2023-24ல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். 2024 பிப்ரவரியில் மீடியம் குவார்ட்டருக்கு ஒரே அடியாக 10 ரூபாய் ஏற்றினார்களே, அதோடு லேபிளில் ஒரு வரியாவது ஏற்றினார்களா?

என்ன ஸ்பிரிட், எத்தனை சதவீதம் மால்ட், எத்தனை வருஷம் மரத்தில் இருந்தது, என்ன பிளேவர். இந்த நாலையும் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் போடட்டும். ஆய்வுக்கூட ரிப்போர்ட்டைக் கடைச் சுவரில் ஒட்டட்டும்.

"குடிக்கிறதே தப்பு, இதுல லேபிள் ஒரு கேடா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனமே 2023ல் கூறிவிட்டது. கடையை மூடுகிற நாள் வந்தால் ரெட்டியார் பிறந்த ஊர்தான் முதலில் சந்தோஷப்படும். ஆனால் மூடுகிற வரை, விற்கிற பொருளைப் பற்றி உண்மையைச் சொல்லித்தானே விற்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. குவார்ட்டருக்குள் என்ன இருக்கிறது என்று நல்ல தமிழில் எழுதிப் போட்டால், படித்த பிறகு பாதிப் பேர் அந்தக் காசுக்கு வீட்டுக்குக் கறி வாங்கிக் கொண்டு போவார்கள்.

அந்தப் பயத்தில்தான் எழுதாமல் இருக்கிறார்களோ? சம்பந்தப்பட்டவர்கள் பதில் சொல்வார்களா?