இருபத்தொரு வேளை



திங்கட்கிழமை பங்குத்தந்தையருக்கு ஓய்வுநாள் என்று பெயர். அன்று நண்பகலில் நான் மண்ணூரில் தம்பி வீட்டில் இருப்பேன். எண்பத்தாறு வயதான எங்கள் தந்தையாருக்குச் சோறூட்டுவது அன்றைய என் பணி. தம்பி ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கிய நாள்முதல், எங்கள் பக்கத்தில் யார் எப்போது உண்பது என்பதைக் கம்பெனிப் பேருந்துகளே தீர்மானிக்கின்றன.

தந்தையாருக்கு மறதி நோய். இந்நோயில் அண்மையில் நடந்தவை முதலில் அழியும். பழையவை நெடுநாள் நிற்கும். ஆகவே என் வெள்ளை அங்கியை அவர் அறிவார். அதற்குள் இருக்கும் மகனை அறியார். அங்கியின்றிச் சென்றாலோ, யாரோ அயலான் என்று உண்ணவே மறுக்கிறார். என்னைக் கண்டதும் “தோத்திரம் சாமி” என்று எழ முயல்வார். சாமிக்கு முன் தாம் உண்பது முறையன்று என்று வாயை இறுக மூடிக்கொள்வார். அரைமணி நேரம் போராடிய பிறகே எனக்கு வழி புலப்பட்டது. நான் ஒரு கவளம் உண்டால் அவர் ஒரு கவளம் உண்பார். அவர் வயிறு நிறையும்வரை நானும் உண்டாக வேண்டும். என் இடைக்கச்சை வாரந்தோறும் குட்டையாகி வருவதன் காரணம் இதுதான்.

தண்ணீர்தான் பெரும்பாடு. முதுமையில் விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. குழைந்த சோற்றைவிடத் தண்ணீர் விரைந்தோடி மூச்சுக்குழலில் புகுந்துவிடக்கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு சிறு மிடறாகப் பருகச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தந்தையாரோ வாழ்நாளெல்லாம் அண்ணாந்து குடித்தவர். டம்ளரில் உதடு பட்டால் எச்சில்!

“பூசையில் நான் கிண்ணத்தில் வாய்வைத்துத்தானே பருகுகிறேன்?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். “அது நீங்கள் கழுவுகிற பாத்திரம், சாமி. இது மருமகள் கழுவுவது. அவளுக்கு எதற்கு என் எச்சில்?”

“கழுவ நான் இருக்கிறேன், குடியுங்கள் மாமா” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. உடனே குடித்தார். இறையியல் கற்ற நான் தோற்ற இடம் அது.

ஆனால் அந்த மருமகளைப் பற்றித்தான் அவர் ஊருக்கெல்லாம் முறையிடுகிறார். உண்டு முடித்து, வாய் துடைத்து, கால்மணி ஆகியிருக்காது. வாசலில் வருவோரிடம், “காலையிலிருந்து ஒரு பருக்கைகூட இல்லை” என்பார். மீசையில் பருப்பு ஒட்டியிருக்கும். கேட்டவர் அங்கே சிரித்துவிட்டுப் போவார். தெருக்குழாயடியில் அதே செய்தி வேறு உருவெடுக்கும். ஒருநாள் அவள் கண்ணீர்விட்டாள். பொறுமையைப்பற்றி நாலு வார்த்தை சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அறிவு மங்கினாலும் தந்தையைப் பொறுத்து நடக்கச் சொல்லும் சீராக் நூலின் மூன்றாம் அதிகாரத்தை வைத்து எத்தனையோ மறையுரை ஆற்றியவனல்லவா! அதற்குள் மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. வாரத்திற்கு இருபத்தொரு வேளை. அதில் என்னுடையது ஒன்று. பேசாமல் எச்சில் இலையை எடுத்தேன்.

சென்ற மாதம் எனக்காக மசால்வடை சுட்டிருந்தாள். நான் திரும்பிய வேளையில் தந்தையாரின் கை என் இலைக்குப் போயிற்று. பல்லில்லாதவர், தொண்டையில் சிக்கினால் என்னாவது என்று பதறிக் கையைப் பிடித்தேன். அவரோ வடையைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டிருந்தார்.

“எனக்கன்று, சாமி. பெரியவனுக்கு. பூவிருந்தவல்லிக் குருமடத்தில்தான் படிக்கிறான். கூப்பிடு தூரம். ஒரு நடை வந்து தகப்பனைப் பார்க்கக் கூடாதா? நீங்கள் கண்டால் கொஞ்சம் சொல்லுங்கள்.”

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்து, வடையை என் கையில் வைத்து, “வழியில் நீங்கள் தின்றுவிடாதீர்கள்” என்றார்.

பூவிருந்தவல்லி வருமுன்பே தின்று தீர்த்தேன். இப்போது வியாழக்கிழமை இரவும் போகிறேன்.