விளக்கைப் பார்த்துப் படம் மாட்டுங்கள்

மைசூரு ஜகன்மோகன் அரண்மனை ஓவியக் கூடத்தைப் பார்த்து வந்தவர்களிடம், எந்தப் படம் மனத்தில் நின்றது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரே படத்தைத்தான் சொல்வார்கள்: ஒரு கையில் விளக்கேந்தி, மறு கையால் சுடரை மறைத்து நிற்கும் பெண். அது ரவி வர்மா வரைந்தது என்று சிலர் அடித்தும் சொல்வார்கள். ரவி வர்மாவின் ஓவியங்களும் அதே கூடத்தில் இருப்பதால் வந்த குழப்பம் இது. வரைந்தவர் மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியைச் சேர்ந்த எஸ்.எல். ஹல்தன்கர். காலம் 1945-46. விளக்கோடு நின்றவர் அவருடைய மகள் கீதா. அவர் 2018-ல் தன் 102-வது வயதில் காலமானார்.

அந்தப் படத்தில் சுடரின் ஒளி விரல்களை ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். முகமும் புடவையும் அந்த ஒளியில் நனைந்திருக்கும். இத்தனைக்கும் அது தைல வண்ணமல்ல, நீர்வண்ணம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் அடியிலிருக்கும் தாளின் வெண்மைதான். ஓவியர் அதை விட்டுவைக்கிறார்; சுற்றிலும் இருட்டை எழுப்புகிறார். கூடத்தில் படத்தைச் சுற்றி இருட்டாக்கிக் காட்டியதன் சூட்சுமமும் அதுதான்.

அதன் அச்சுப் பிரதியை வாங்கி வருகிறவர்கள், அதை வரவேற்பறையில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே மாட்டுகிறார்கள். படத்தில் உள்ள விளக்கு அணைந்துவிடுகிறது. 'அங்கே பார்த்த மாதிரி இல்லையே' என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். குறை படத்தில் மட்டுமில்லை.

'அறைக்கு ஒரு கதகதப்பு வேண்டும், என்ன படம் மாட்டலாம்?' என்று கேட்பவர்களுக்கு மைசூரு சொல்லித் தரும் பாடம் இதுதான். படத்தைத் தேடுவதற்கு முன் அது எந்த வெளிச்சத்தில் இருக்கப் போகிறது என்று பாருங்கள்.

மைசூர் ஓவியமே இதற்கு நல்ல சாட்சி. 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சரிந்தபோது, ஓவியக் குடும்பங்கள் ஆதரவு தேடித் தெற்கே பல அரசுகளுக்குச் சிதறின. தஞ்சாவூர் ஓவியமும் மைசூர் ஓவியமும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. மைசூரில் அதைப் போற்றி வளர்த்தவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794-1868). ஜகன்மோகன் அரண்மனை அவர் காலத்தில், 1861-ல் எழுந்ததுதான்.

தஞ்சாவூர்ப் படத்தில் பொன் புடைத்து நிற்கும், கல் பதித்திருக்கும். எட்ட நின்றாலும் கண்ணைப் பறிக்கும். மைசூர்ப் படம் அடக்கமானது. வெள்ளைத் தூளும் பிசினும் சேர்ந்த பசையால் நகை, சரிகை, மண்டபத் தூண் ஆகியவற்றை மெல்லிய கோடுகளாக மேடு கட்டுவார்கள். அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, தாளை வைத்து மிருதுவான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அந்த மேடு விரல் நகத்தின் கனம்கூட இருக்காது. பூஜையறையில் எண்ணெய் விளக்கு பக்கவாட்டிலிருந்து அசையும்போது, அந்த மெல்லிய மேடுகளில் ஒளி ஏறி இறங்கும். படம் மூச்சு விடுவது போலிருக்கும். நேர் எதிரே வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அதே பொன் வெறும் மஞ்சள் காகிதமாகிவிடும்.

ஆகவே, முதல் செலவு படத்துக்கு வேண்டாம், பல்புக்கு இருக்கட்டும். எல்.ஈ.டி. பல்பு அட்டையில் 6500 கே என்றிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700 கே என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். படத்தின் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ சாய்வாக விழும்படி ஒரு சிறிய மஞ்சள் விளக்கு போதும். நேர் வெயில் படும் சுவர் ஆகாது, சாயம் வெளுக்கும். மழையில் ஓதம் காக்கும் வெளிச்சுவரும் ஆகாது. வேறு வழியில்லை என்றால், சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுங்கள். கண்ணாடி போடும்போதும் கவனம் தேவை. பொன் வேலையின் மேல் கண்ணாடி அழுந்தக் கூடாது. இடையில் அட்டையோ மரச் சீவலோ வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

அடுத்தது, எதை வாங்குவது? பொன் நிறத்தில் அச்சடித்த தாளும் கடைகளில் 'மைசூர் ஓவியம்' என்ற பெயரில் தொங்குகிறது. படத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கையால் செய்ததில் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். அச்சு தட்டையாகவே மின்னும். ரேக் தங்கமா, தங்க நிறமா என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பித்தளை கலந்த ரேக் நாளாவட்டத்தில் கறுத்துப் போகும். மைசூர் பாரம்பரிய ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் கடைக்குக் கடை அது காவல் நிற்க முடியாது. வாங்குகிறவர் கேட்கும் கேள்விதான் ஓவியரின் உழைப்புக்குக் காவல். அச்சை அச்சு என்று சொல்லி அச்சு விலைக்கு விற்றால் யாருக்கும் சண்டையில்லை. அதை ஓவியம் என்று விற்கும்போது, வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஒரு படம் முடிப்பவரின் சோற்றில் கை வைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் சட்டம் போட்ட படம் என்றால் ஒன்று சாமி, இல்லையென்றால் போன தலைமுறை. இப்போது சோபா நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் பரணுக்குப் போகிறது. அந்த இடத்தில் மூன்று துண்டாக வரும் வெளிநாட்டு இலைகள் ஏறுகின்றன. வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பழைய படங்களைச் சுவரின் உச்சியில், முன்பக்கம் சாய்த்து மாட்டியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அப்படிச் சாய்த்தால் கண்ணாடியில் வெளிச்சம் எதிரடிக்காது. கீழே பாயில் உட்கார்ந்தவருக்கும் முகம் தெரியும்.

இப்போது நாம் நாற்காலியில் உட்காருகிறோம். அந்தப் படத்தை இறக்கித் துடைத்து, உட்கார்ந்தவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற குழந்தை, 'இது யார்?' என்று கேட்கும். பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் எழுந்து வருவார். கடையில் வாங்கும் எந்தப் படத்தாலும் அவரை அப்படி எழுப்ப முடியாது.